மூன்று செம்பு மஞ்சள் தண்ணீர்

தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் கிடாய் சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு கொடுத்தது என்று அர்த்தம். அதுவரை வெட்டக் கூடாது. பெரியமாயன் மூன்று செம்பு ஊற்றிவிட்டார். கிடாய் அசையவில்லை.

வெட்ட நின்ற ஒச்சப்பன் சிரித்தான். “கறிக்கு உல கொதிக்குது மாமா. சாமியும் ஒங்கள மாதிரி யாரையும் நம்பாது போல.”

அவன் அரிவாளின் வாயில் அரிசியளவு பெயர்ந்திருந்தது. வெட்டுப்பட்டுச் செத்த மகனின் சாம்பலில், கழுத்தெலும்போடு பொறுக்கிய இரும்புத்துணுக்கு ஆறு வருஷமாகப் பெரியமாயன் மடியில் கிடந்தது. வெட்டியவன் யாரென்று ஊர் வாய் திறக்கவேயில்லை.

“அருவாளக் குடு மாப்ள, பதம் பாக்குறேன்.”

வாங்கினார். துணுக்கை அந்தப் பள்ளத்தில் வைத்தார். பொருந்தி உட்கார்ந்தது.

நாலாவது செம்பை ஒச்சப்பன் தலையில் ஊற்றினார்.

அவன் பிடரியிலிருந்து முதுகுவரை சிலிர்த்தான்.