பனிக்கு அடியில் வெறுங்கை

வெளியே நாற்பத்தாறு டிகிரி வெயில். எங்கள் மாலின் மூன்றாம் மாடியில் உறைந்த ஏரி. கம்பளிக் கோட்டு மாட்டிய குடும்பங்கள் பனியில் துளை போட்டுத் தூண்டில் இறக்குவார்கள். அடிமட்டம்வரை இறக்கினால் வால்ஐ மீன், மேலாக ஆட்டினால் புளூகில் மீன் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருக்கும். எதுவும் கடிக்காது. தீனி தின்று கொழுத்த வளர்ப்பு மீன் எதற்குக் கடிக்கப்போகிறது? பனிக்கு அடியில் முகமூடியோடு மிதந்து, கொக்கியில் மீனை மாட்டி இழுத்துக் காட்டுகிறவன் நான்தான்.

வால்ஐ பெரிய மீன், ஓங்கி ஒரு இழுப்பு போதும். குட்டிப் புளூகிலுக்குக் கொறிப்பது போல மெல்லச் சுண்ட வேண்டும். கையுறையோடு சுண்டினால் கஸ்டமர் கண்டுபிடித்துவிடுவாராம்.

"வெறுங்கையால பண்ணுய்யா" என்றார் சூப்பர்வைசர்.

"விரல் மரத்துப்போகுது சார்."

"பழகிடும்."

பழகிவிட்டது.

நேற்று வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி தேன்மொழி அடுப்படியிலிருந்து கத்தினாள். "பாப்பா சுருண்டு படுத்திருக்கா, தொட்டுப் பாருங்க!"

நெற்றியில் கை வைத்தேன். "காய்ச்சல் ஒண்ணும் இல்ல, தூங்கட்டும்."

கஞ்சியோடு வந்தவள் குழந்தையைத் தொட்டதும் அலறினாள். "அனலா கொதிக்குது! எதைத் தொட்டுப் பார்த்தீங்க?"

என் விரல்களைப் பிடித்து நெரித்தாள். அவள் நெரிப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.