சர்வருக்குப் பொட்டு

"உன் கம்ப்யூட்டர மட்டும் சாமிகிட்ட வெக்கமாட்டியா? இன்னா திமிருடி உனக்கு!"

பேக்கிங் செக்‌ஷன் கலியம்மாள் போட்ட சத்தம், செட்டு முழுக்கக் கேட்டது.

கேக்கத்தானே செய்வாங்க? திருபுவனை பைப்பு கம்பெனியில ஆயுத பூஜை. ஸ்பானர்லேருந்து ஜெனரேட்டர் வரைக்கும் பொட்டு வெச்சாச்சு. அக்கவுண்ட்ஸ் ஆளுங்களோட லேப்டாப்புகூட வாழை இலை மேல பூவும் பொட்டுமா உக்காந்திருக்கு. கம்ப்யூட்டருங்களப் பாத்துக்கற செல்வகுமாரி மட்டும் மூலையில குந்திக்கிட்டு, நிமிர்ந்துகூடப் பாக்காம லேப்டாப்பத் தட்டிக்கிட்டே இருந்தா யாருக்குத்தான் கோவம் வராது?

"செத்த இருக்கா. இத மாத்திட்டு வந்துர்றேன்."

"இன்னாத்த மாத்தற?"

"சர்வர் ரூம்ல பெரிய பொட்டி இருக்குல்ல, அதுதான் நம்ம சொந்த கிளவுடு. ஆர்டர் எடுக்கற மெஷினு, ஸ்டாக் பாக்கற மெஷினு, லாரி அனுப்பற மெஷினு எல்லாம் அதுக்குள்ளதான் ஓடுது."

"ஒரு பொட்டிக்குள்ள அத்தினி மெஷினா? கத வுடாத."

"கையால தொடற மெஷின் இல்லக்கா, எல்லாம் விர்ச்சுவலு. பூஜைக்காகப் பொட்டிய ஆஃப் பண்ணச் சொல்லிட்டாரு மொதலாளி. ஆனா கடைக்காரங்க ஆர்டரு நிக்கக்கூடாதாம். அதான் எல்லாத்தயும் வெளியில இருக்கற வாடகை கிளவுடுக்கு அனுப்பறேன். நாளைக்குப் பூஜை எடுத்தப்புறம் திரும்ப இங்க கொண்டாரணும்."

கலியம்மாளுக்குப் பாதி புரிஞ்சது, பாதி புரியல. ஆனா கோவம் போயிடுச்சு.

"அப்ப நாங்க நிம்மதியா சாமி கும்புடறதே உன்னாலதான்னு சொல்லு."

அதுக்குள்ள முதலாளி வைத்திலிங்கம் வந்துட்டாரு. பட்டு வேட்டி, நெத்தி நிறைய விபூதி. ஒவ்வொரு மெஷினா நின்னு தொட்டுக் கும்புட்டாரு. செல்வகுமாரி சர்வரை நிறுத்தினதும், அவரே உள்ளே போய் சந்தனம் பூசி, குங்குமம் வெச்சாரு.

"தொட்டுப் பாருங்கப்பா, ஜொரம் வந்த புள்ள மாதிரி சுடுது! வருஷம் பூரா நமக்காக ஒழைக்குது. வாய் இல்லாத ஜீவன், கேக்கத் தெரியாது. நாமதான் பாத்து ஓய்வு குடுக்கணும்."

சொல்லும்போதே குரல் தழுதழுத்துப் போச்சு மனுசனுக்கு. துண்டை எடுத்துக் கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. அக்கவுண்ட்ஸ் அரிகரன் கைதட்ட, எல்லாரும் சேர்ந்து தட்டினாங்க.

"இப்பேர்ப்பட்ட மனசு யாருக்கு வரும்?"ன்னு பொரியை வாயில போட்டுக்கிட்டே வந்த கலியம்மாள், செல்வகுமாரி மூஞ்சியைப் பார்த்து நின்னுட்டாங்க.

"ஏண்டி மொகம் வாடிக் கெடக்கு?"

"நாளைக்கு விஜயதசமிக்கா. வில்லியனூர் கோயில்ல சின்னவ அபிதாவுக்கு எழுத்து ஆரம்பிக்கறோம். அம்மா மடியில உக்காந்துதான் எழுதுவேன்னு ஒரே அடம்."

"போயேன். யாரு வேணான்னா?"

"இந்த வாடகை மெஷினுங்கள யாரு பாக்கறது? மூத்தவனுக்கு எழுதும்போதும் நான் இங்கதான் இருந்தேன். எங்க நாத்தனாருதான் மடியில வெச்சு எழுதவெச்சாங்க. போட்டோவப் பாத்து அழுதேன்க்கா. இவளுக்காச்சும் நான் இருக்கணும்."

"அட போடி இவளே! ஒரு பொட்டிக்கே கண்ணு கலங்கற மனுசன், புள்ளைக்குன்னு கேட்டா இல்லம்பாரா? இன்னிக்கே கேளு, மனசு எளகி இருக்கு."

செல்வகுமாரிக்கும் அது சரின்னு பட்டது. ஆனா வெறுங்கையோட போய்க் கேக்க அவ தயாரா இல்ல. திரும்ப லேப்டாப் முன்னாடி உக்காந்தா. ஆர்டர் குவிஞ்சா மெஷினுங்க தானா கூடுற மாதிரியும், கொறைஞ்சா தானா கொறையற மாதிரியும் ஏற்பாடு பண்ணினா. ஒண்ணு படுத்துட்டா இன்னொண்ணு எழுந்துக்கற மாதிரி பண்ணி, ஒண்ணை வேணும்னே நிறுத்தியும் பார்த்தா. அடுத்தது உடனே எழுந்து ஓடுச்சு. அப்பாடா! இனிமே அரை நாளைக்கு யாரும் பாக்க வேணாம்.

முதலாளி சர்வர் ரூம்லதான் இருந்தாரு. பொட்டு அழிஞ்சிருக்கான்னு குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்தாரு.

"சார், நாளைக்கு..."

"ஸ்ஸ்... மெதுவாப் பேசும்மா. இப்பதான் ஓய்வெடுக்குது."

செல்வகுமாரி குரலைத் தாழ்த்தி எல்லாத்தையும் சொன்னா. மடியில உக்காந்து எழுத மக புடிக்கற அடத்தைச் சொன்னா. மூத்தவனுக்குப் போக முடியாம போனதைச் சொன்னா. வாடகை கிளவுடு தன்னால ஓடும், மத்தியானம் வந்து எல்லாத்தையும் திரும்பக் கொண்டாந்துர்றேன்னும் சொன்னா.

வைத்திலிங்கம் பொறுமையா, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாரு. அவ சொல்லி முடிச்சதும் பிரசாதத் தட்டுலேருந்து ரெண்டு கையாலயும் பொரி அள்ளி அவ முந்தானையில போட்டாரு. மேல ஒரு ஆப்பிளும் வெச்சாரு.

"புள்ளைக்குக் குடு. நல்லா படிப்பா."

செல்வகுமாரிக்கு உசுரு வந்த மாதிரி இருந்தது. கையெடுத்துக் கும்புட்டா.

"அப்ப நாளைக்குக் காலைல நான் வரல சார்..."

வைத்திலிங்கம் சர்வரைத் தடவிக்கொடுத்துக்கிட்டே, கொஞ்சம்கூடக் கோவம் இல்லாம, ரொம்பப் பிரியமா சொன்னாரு:

"நல்லா இருக்கே! எல்லா மெஷினுக்கும் லீவு விட்டாச்சு. நீயும் லீவு போயிட்டா, வேலைய யாரும்மா பாக்கறது?"