இருபது லிட்டர் கடல்

மே 11. இன்று ஒரு சிறு தவறு தெரியவந்தது. மீன் தொட்டியில் தண்ணீர் குறையும்போதெல்லாம் கடல் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். நல்ல தண்ணீரை ஊற்றியிருக்க வேண்டும்.

எழுதியதைப் படித்தாள். 'சிறு' என்பதை அடித்தாள்.

வெயில் ஏறிய நாளிலிருந்து தொட்டியின் மேல் மேசை விசிறி ஓடுகிறது. காற்றுப் பட்டால் தண்ணீர் ஆவியாகும். ஆவியானால் சூடு கொஞ்சம் தணியும். ஆனால் உப்பு ஆவியாவதில்லை. கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே என்று அவள் ஊற்ற ஊற்ற, உப்பு ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

வேறு என்னென்ன தெரியாமல் செய்திருப்போம் என்று யோசித்தாள். தெரிந்தால்தானே யோசிக்க.

தெர்மாமீட்டர் முப்பத்தொன்று காட்டியது.

இருபத்தாறைத் தாண்டவிடாதே என்று சொல்லிவிட்டுத்தான் அவள் கணவன் கப்பலேறினான்.

தொட்டியின் நடுவே கடல்சாமந்தி. பார்க்கப் பூ, உண்மையில் ஓர் உயிர். கல்யாணத்துக்கு வெகு முன்பே, ரூபாய் நாணயம் அளவில் அவன் சென்னையில் வாங்கி வந்தது. இப்போது அவனுடைய கையை விரித்தால்கூட மறையாது. பழுப்பாக இருக்க வேண்டும்; சூடு தாங்காவிட்டால் வெளுக்கும். போன வாரம் அதன் விரல் போன்ற இதழ்களின் நுனிகள் மட்டும் வெளுத்திருந்தன.

இன்று அடிவரை.

அதற்குள் குடியிருக்கும் ஆரஞ்சு மீன்கள் இரண்டும் அதை விட்டு நகரவில்லை. வெளுத்த விரல்களுக்கு நடுவே வழக்கம்போல உரசிக்கொண்டு கிடந்தன.

ஃப்ரீசர் முழுக்கத் தண்ணீர் பாட்டில்கள். உறைந்ததும் மூடி கழலாமல் தொட்டியில் மிதக்கவிடுவாள். அரை டிகிரி இறங்கும். பாட்டில் உருகும். அரை டிகிரி ஏறும்.

வாங்கி வந்த சீலாவை வைக்க இடமில்லாமல் மாமியார் காலையில் சட்டியோடு நின்றார். "திங்கிற மீனுக்கு இடமில்ல. பாக்குற மீனுக்கு ஐசு. நல்லாருக்குளா உங்க குடும்பம்." தன் மகனையும் சேர்த்துத்தான் சொன்னார். பிறகு சீலாவை அப்போதே குழம்பு வைத்துவிட்டார்.

தண்ணீரை மாற்றிப் பார்க்கலாம் என்று மதியம் தோன்றியது. பழையதில் கொஞ்சம் எடுத்துவிட்டு, புதிதாகக் கொஞ்சம். உப்பும் சரியாகும், சூடும் இறங்கும். அவன் இருந்தவரை அப்படித்தான் செய்வான். கரைத் தண்ணீர் ஆகாது, சாக்கடை கலந்தது. வள்ளத்தில் ஆழத்துக்குப் போகும் சிலுவை அண்ணனிடம் கேனைக் கொடுத்தனுப்புவான்.

வள்ளத்தில் இருந்தவருக்கு அவளும் போன் செய்து சொன்னாள். கேன் அவரிடமே ஒன்று கிடந்தது.

மாலையில் அவள் படிக்கப் போகும் கணக்கு வகுப்பு. போகவில்லை. பேருந்தில் திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனாள்.

வள்ளங்கள் கரை அடைந்துகொண்டிருந்தன. சிலுவை அண்ணன் இருபது லிட்டர் கேனை மணலில் இறக்கி வைத்தார். அவன் எப்போது வருகிறான் என்று கேட்டார். அடுத்த மாதம் என்றாள்.

கைப்பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தாள். கேனின் மூடியைத் திறந்து உள்ளே விட்டாள்.

முப்பத்திரண்டு.

கேன் வெயிலில் வந்திருக்கிறது. அதனால் இருக்கும்.

செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால் நனையும் வரை நடந்தாள். சேலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் தெர்மாமீட்டரைக் கடலுக்குள் பிடித்தாள். அலை வந்து போனது. இன்னொன்று வந்து போனது. எண் மாறுமென்று நின்றாள்.

முப்பத்திரண்டு.

கரை ஓரம். ஆழமில்லை. அதனால் இருக்கும்.

வலை உதறிக்கொண்டிருந்த சிலுவை அண்ணன் பார்த்துவிட்டார். "இங்கன பாத்து என்ன புள்ள? அங்கன மொள்ளும்போதே வெந்நி மாதிரித்தான் கெடந்துச்சு. சோப்புக் கட்டி இருந்தா குளிச்சிட்டே வந்திருப்பேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அதற்கு மேல் அதனால் இருக்கும் என்று சொல்ல அவளிடம் எதுவும் இல்லை.

கேனை அங்கேயே விட்டுவிட்டு வரலாமா என்று நினைத்தாள். இவ்வளவு தூரம் கொண்டுவந்து கொடுத்தவர் என்ன நினைப்பார். ஆட்டோவில் ஏற்றினாள். வழியெல்லாம் கேன் அவள் கால்மாட்டில் தளும்பியது. கணுக்காலில் பட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ தொட்டது போல.

வீட்டுக்குள் நுழைந்ததும் கால் குளிர்ந்தது.

வீட்டில் ஒரே ஏசி, மாமியாரின் அறையில். அந்த அறையின் கதவு விரியத் திறந்திருந்தது. மூடிக்கொள்ளாமல் அம்மிக்குழவி அணை கொடுத்திருந்தது. குளிர், தொட்டி இருக்கும் கூடத்துக்குப் பாதியும் அறைக்குப் பாதியுமாகப் பிரிந்து, எங்கும் போதாமல் கிடந்தது. மாமியார் கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கேனைப் பார்த்ததும் எழுந்து வந்தார். குனிந்து, தொட்டிக் கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், கொஞ்ச நேரம் வெள்ளையைப் பார்த்தார்.

"புதுத் தண்ணி ஊத்திட்டா பொழச்சிரும்லா?"

அவள் கேனைத் தொட்டிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். மூடியைத் திறக்கவில்லை.

உருகிப்போன பாட்டில்களை எடுத்து ஃப்ரீசரில் அடுக்கினாள். தொட்டி விளக்கை அணைத்தாள். 

பிறகு உட்கார்ந்து எழுதினாள்.

நாளை: கடல் தண்ணீரைக் குளிரவைக்க வேண்டும்.