மஞ்சள் சீட்டு

"ரூப்ரிக் என்றால் என்ன?"

பயிற்சியாளர் சுவரிலிருந்த மஞ்சள் சீட்டைப் பிய்த்து வாசித்ததும் அறை முழுக்கச் சிரிப்பு.

எங்கள் சர்வதேசப் பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தால், பெயர் போடாமல் சீட்டில் எழுதி இடைவேளையில் சுவரில் ஒட்டிவிடுங்கள் என்று அவர்தான் சொல்லியிருந்தார். அதற்காக இப்படியா? எங்கள் ரிப்போர்ட்டில் பக்கத்துக்கு நாலு தடவை வருகிற வார்த்தை அது.

"அரிச்சுவடியே தெரியாம யாரோ வந்து உட்கார்ந்திருக்காங்க," என்றார் பக்கத்திலிருந்த ஹிஸ்டரி சார்.

"வெளியாள் முன்னாடி நம்ம பள்ளிக்கூடத்து மானம் கப்பலேறுது சார்," என்றேன்.

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "எதுக்கு எவ்வளவு மார்க், எப்படிச் செஞ்சா முழு மார்க்னு பிள்ளைங்களுக்கு முன்கூட்டியே காட்டுற அட்டவணைதான் ரூப்ரிக்," என்று பொறுமையாக விளக்கினார்.

நானும் குறித்துக்கொண்டேன். சும்மா, ஒரு ஞாபகத்துக்குத்தான்.

மதியம் இன்னொரு சீட்டு.

"ஸ்கஃபோல்டிங் என்றால் கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுதானே? வகுப்பில் அதற்கு என்ன வேலை?"

ஹிஸ்டரி சாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பின்வரிசையில் பிரின்ஸிபல் மேடம் மட்டும் கைக்குட்டையால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கேள்வி," என்றார் பயிற்சியாளர். "கட்டடம் தானா நிக்கிற வரைக்கும் சாரம் இருக்கும். அப்புறம் பிரிச்சிடுவாங்க. அதேமாதிரி, பிள்ளை தானா செய்யற வரைக்கும் நாம குடுக்கிற சின்னச் சின்ன உதவிக்குத்தான் அந்தப் பேரு. ஒரு குறிப்பு, ஒரு உதாரணம், பாதி எழுதின விடை. தேவை தீர்ந்ததும் எடுத்துடணும்."

ஏசி அறையிலும் எனக்கு லேசாகப் புழுங்கியது. அதையும் எழுதிக்கொண்டேன்.

"யாரா இருக்கும் சார்?"

"மியூசிக் டீச்சரோ?"

"அவங்க இன்னைக்கு லீவு சார்."

"அப்ப பி.டி. மாஸ்டர்தான்."

"அவர் காலையிலேர்ந்து தூங்குறாரு. தூக்கத்துல எப்படிக் கேள்வி கேப்பாரு?"

எனக்கு மண்டைக்குள் குடைய ஆரம்பித்துவிட்டது. பதினெட்டு வருஷமாக சயின்ஸ் பேப்பர் திருத்துகிறவள் நான். பேர் எழுதாத விடைத்தாளைக்கூட இன்னாருடையது என்று சொல்லிவிடுவேன். இது எந்த மூலைக்கு?

தேநீர் இடைவேளையில் பயிற்சியாளரின் மேஜைப் பக்கம் நழுவினேன். இரண்டு சீட்டும் அங்கேயே கிடந்தன. எழுத்து கோணல் மாணல். ஸ்கெட்ச் பேனா மை ஒவ்வொரு வரியிலும் வலப்பக்கமாக இழுபட்டிருந்தது. எழுதிய கையே ஈரம் காயாத எழுத்தின் மேல் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறது. அப்படியென்றால் இடது கை.

எங்கள் ஸ்டாஃபில் இடது கையால் எழுதுகிறவள் ஒருத்திதான். மூன்று மாதத்துக்கு முன்னால் சேர்ந்த புது டீச்சர்.

அவள் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, பயிற்சியெல்லாம் புரியுதா?" என்று ஆழம் பார்த்தேன்.

"புரியுது டீச்சர். மனசுதான் நிலைகொள்ள மாட்டேங்குது. என் மூணு மாசம் நாளையோட முடியுது. வேலை நிரந்தரமா, இல்லையான்னு மேடம் நாளைக்குத்தான் சொல்வாங்க. அவருக்கு வேலை போனதுலேர்ந்து வீட்டுல இந்தச் சம்பளம் ஒண்ணுதான்."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் கண்டுபிடித்ததை வயிற்றுக்குள் வைத்திருக்க எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்.

சாயங்காலம் எல்லோரும் பையை எடுத்துக்கொண்டிருந்தபோது பிரின்ஸிபல் மேடத்திடம் போய் நின்றேன்.

"மேடம், அந்தச் சீட்டெல்லாம் எழுதினது யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன்."

"அப்படியா?" மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "எப்படி?"

மை, இழுப்பு, இடது கை என்று எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தேன். "நம்ம ஸ்டாஃப்ல இடது கை அந்தப் புது டீச்சர் ஒருத்திதான் மேடம். நிரந்தரம் பண்றதுக்கு முன்னாடி உங்க காதுல போட்டுவைக்கலாம்னு..."

மேடம் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு தன் இடது கையைத் திருப்பி மேஜைமேல் வைத்தார். சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை, துடைத்தும் போகாத நீல மை.

"வலது கையில எழுதினா என் கையெழுத்து எல்லாருக்கும் தெரிஞ்சிடுமேன்னு இடது கையில கிறுக்கினேன். அது அந்தப் பொண்ணு தலையில போய் விடியும்னு எனக்குத் தோணலை, தப்புதான். நாளைக்கு நான்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். அவ ஆர்டர்ல நேத்தே கையெழுத்துப் போட்டாச்சு."

"உங்களுக்கா மேடம் இதெல்லாம் தெரியாது?"

"எனக்குத் தெரியும்."

"அப்புறம் யாருக்காகக் கேட்டீங்க?"

மேடம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு வருஷமா உங்க லெசன் பிளான்ல, ஸ்கஃபோல்டிங்னு இருக்கிற கட்டத்துல 'ஐஸ்குச்சி, கோந்து, நூல்'னு எழுதித் தர்றீங்களே டீச்சர். கூப்பிட்டுச் சொன்னா சங்கடப்படுவீங்களேன்னுதான்."