சேற்றுத் தடம்

“அத்தை, அந்தப் பெட்டி நாம பேசுறதைக் கேக்குமா?” என்று எதிர்வீட்டுக் குழந்தை கேட்டதிலிருந்து, தெருமுனையில் அரசு வைத்த பேட்டரிப் பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் மரகதம் குரலைத் தாழ்த்தினாள்.

“புயல்ல கரண்ட் போனா உங்க வீட்டு அண்ணனோட மூச்சு மெஷினை இதுல மாட்டிக்கலாம்க்கா,” என்றாள் சுகாதார நிலையத்துப் பெண் சோதிமணி.

“ஏன்டி, கவர்மெண்ட்டு சும்மா குடுக்குமா? நாளைக்கு என்னத்தக் கேப்பாங்களோ!” மரகதம் கதவைச் சாத்திவிட்டாள்.

புயலன்று மின்சாரம் நின்று மரகதத்தின் கணவருக்கு மூச்சுத் திணறியது. முழங்கால் வெள்ளத்தில் அந்தப் பெட்டியிலிருந்து ஒயரை இழுத்துக்கொண்டு சோதிமணி வந்தாள். அவள் செருப்புகளை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. மெஷின் ஓடியதும் கிளம்பிப் போய்விட்டாள்.

எதையாவது கேட்டு வருவார்கள் என்று மரகதம் வாசலையே பார்த்திருந்தாள். மறுநாளும் யாரும் வரவில்லை. தரையைக் கழுவுமுன், சோதிமணியின் வெறுங்கால் பதிந்த சேற்றுத் தடத்தை நூல் வைத்து அளந்தாள். பிறகு, சோதிமணியின் வீடு பூட்டியிருந்த நேரமாகப் பார்த்து, வாசலில் புதுச் செருப்புகளை வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.