ரோதிகாவோடு போன சமிக்ஞை

ஃபகராஷ் மலையில் பனிச்சறுக்குக்குக் கிளம்புமுன் நானும் என் மனைவி ரோதிகாவும் உடம்பில் கட்டியிருக்கும் சமிக்ஞைக் கருவிகளைச் சோதிப்போம். பனிச்சரிவில் புதைந்தவரை அவர் கருவியின் சமிக்ஞையை வைத்துத்தான் தோண்டி எடுப்பார்கள். அன்று என் கருவியை, மற்றவர் சமிக்ஞையைத் தேடும் நிலையில் வைத்தேன். எதிரே அவள் ஒருத்திதான். திரையில் இரண்டு சமிக்ஞைகள். இரண்டும் ஒரு மீட்டர் தூரத்தில்.

"எத்தனை காட்டுது?" என்று கேட்டாள்.

"ஒண்ணு" என்றேன்.

அவளுடைய முதல் கணவன் சில்வியு மூன்று வருடங்களுக்கு முன் இங்கேதான் புதைந்தான். உடல் கிடைக்கவில்லை. அவன் கருவியின் பேட்டரி இரண்டு வாரம்தான் தாங்கும்.

"அவன்னா பனியைப் பார்த்தே சொல்லிடுவான், இன்னைக்கு இறங்கலாமா வேண்டாமான்னு" என்றாள்.

"அதான் உள்ள கிடக்கானா?"

அவள் குனிந்து சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டாள்.

சரிவை ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும். அவள் முதலில் போனாள். என் கருவியைச் சமிக்ஞை அனுப்பும் நிலைக்கு மாற்றாவிட்டால் நான் புதைந்தாலும் யாருக்கும் தெரியாது. ஆனாலும் மாற்றாமல் திரையையே பார்த்தேன். தூரம் காட்டும் இரண்டு எண்களும் சேர்ந்தே ஏறின. பத்து, இருபது, நாற்பது. என்னோடு அவள் ஒருநாளும் அப்படி ஒட்டி நடந்ததில்லை.

மறுபக்கம் நின்று கையசைத்தாள். "இப்ப நீ வா."

ஓர் எண் நாற்பதிலேயே நின்றது. நான் சரிவில் கால் வைத்தேன். மற்றது முப்பது, பதினைந்து, ஆறு என்று குறைந்துகொண்டு வந்தது.