வயிற்றுக்குக் கைவைத்தியம்

"ஒரு வாய் சாப்பிட்டாலே வயிறு முறுக்குதுக்கா. டெஸ்ட்ல ஒண்ணுமே இல்லைங்கறாங்க," என்று போனில் அழுதாள் அந்தச் சின்னப் பெண்.

தையல்காரி மிஷினை நிறுத்தினாள். "பாலை விடு. புதினாவை வெந்நீர்ல போட்டுக் குடி. சோம்பு மெல்லு."

"எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன். உங்களுக்கும் இதே தொல்லை இருந்துச்சாமே?"

"ஆறு வருஷம் உயிரை எடுத்துச்சு."

"எந்த மருந்துல நின்னுச்சு?"

 தையல்காரிக்கு இந்தப் பெண்ணை வாய்க்கு வந்தபடி சபித்ததெல்லாம் நினைவுக்கு வந்து கூசியது.

"மருந்துல நிக்கலைம்மா. உன் புருஷன் என்னை விவாகரத்து பண்ணின வாரமே நின்னுடுச்சு."

எதிர்முனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வேற ஏதாவது கஷாயம் தெரியுமாக்கா?" என்றாள் தணிந்த குரலில்.